பாரியின் பாட்டில் எதிரே இருந்தவன்

பாஸ்கலின் போனில் இருநூற்றுப் பதினோரு பேருடைய சாவு இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் இறந்தவரின் பெயர், தெரு, தேதி என்று தலைப்புக் கொடுத்து வைத்திருந்தார். அத்தனையும் கானா. அத்தனையும் பாரி பாடியது. அந்த இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவரைக்கூட பாஸ்கல் உயிரோடு பார்த்ததில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு ராயபுரத்தில். எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் கிளார்க் வேலை. வருகிற லாரியின் சீட்டை வாங்கிப் பார்ப்பது, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்ப்பது, சீல் உடையாமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது, முத்திரை குத்தி உள்ளே விடுவது. இருபத்தாறு வருடமாக அதுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பார். கணீரென்ற குரல். தெருவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. காதில் எப்போதும் மாட்டியிருக்கும் இயர்போனில் மாதா பாட்டுத்தான் ஓடுகிறது என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கோயில்காரப் பெண்மணி யாராவது, "இன்னா பாட்டு ஓடுது?" என்று கேட்டால், "எல்லாம் பழைய பாட்டுதாம்மா" என்று சொல்லி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். சாவு வீட்டுப் பாட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வந்ததில்லை. மனைவி ஜூடியிடம்கூடச் சொன்னதில்லை.

பாரி காசிமேட்டுக்காரன். நாற்பது வயது இருக்கும். பகலில் லோடு ஆட்டோ ஓட்டுவான். யாராவது இறந்துபோனால் அந்த வீட்டு ஆட்கள் அவனை அழைப்பார்கள். போனதும் பாடிவிட மாட்டான். பந்தலில் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முதலில் விசாரிப்பான். செத்தவர் என்ன வேலை செய்தார், என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை போட்டார், கடைசியாக என்ன பேசினார். வீட்டுக்காரர்கள், தோழர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு டோலக் பையனைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். அப்புறம் வருவதுதான் பாட்டு. அந்த ஆளுக்கு மட்டுமே ஆன பாட்டு. மறுபடி எங்கேயும் பாட மாட்டான்.

பாஸ்கலுக்குப் பிடித்தவற்றில் முதலாவது, புதுவண்ணாரப்பேட்டையில் நண்டு விற்ற கன்னியம்மாவுக்கு அவன் பாடியது.

"நண்டு வித்த கன்னியம்மா
நாலு தெரு காத்துக்கீது
நிறுத்து வெச்ச தராசு மட்டும்
நிக்காம ஆடிக்கீது"

காலையில் பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டும்போது அதைப் போடுவார். 'தராசு மட்டும்' என்ற இடத்தில் பாரி அரை நொடி மூச்சை நிறுத்துவான். அந்த அரை நொடிக்காகவே பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்பார்.

இரண்டாவது, திருமுருகன் என்ற டிரெய்லர் டிரைவருக்குப் பாடியது. இதை யார்டில்தான் கேட்பார். ஹாரன் சத்தத்துக்கு ஒரு காதைத் திறந்து வைக்க வேண்டியிருப்பதால் இடது காதில் மட்டும் இயர்போன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நிற்கும். காதுக்குள் பாரி கேட்பான்:

"முன்னால எத்தினி வண்டி நின்னாலும்
ஹாரன் அடிக்காத ஆளு நீ
இன்னிக்கி மட்டும் இன்னா அவசரம்
எல்லாரையும் முந்திகினு போனியே"

எத்தனையோ முறை அந்த இடத்தில் முத்திரையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டு, லாரிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டுடியோவில் பதிவு செய்து எக்கோ போட்ட கானாவை அவர் தொடமாட்டார். பின்னால் அழுகை இருக்க வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கிற சத்தம் இருக்க வேண்டும், நாய் குரைக்க வேண்டும், யாராவது விசிலடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பதிவு வேண்டுமானால் நேரில்தான் போக வேண்டும். பாரியின் ரசிகர்கள் அறுபது எழுபது பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். இன்று பாரி எந்தத் தெருவில் என்று அதில் வந்துவிடும். பாஸ்கல் வேலை முடிந்து அங்கே போவார். பந்தலுக்கு வெளியே நிற்பார். போன் சட்டைப் பையில் பதிவாகிக்கொண்டிருக்கும். அவருக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. பிணத்தின் பக்கம் போகக் கூடாது. யார் கொடுத்தாலும் டீ வாங்கக் கூடாது. அழக் கூடாது. யாராவது உற்றுப் பார்த்தால் கிளம்பிவிட வேண்டும். இவ்வளவையும் காப்பாற்றுகிறவரை தான் யாரையும் ஏமாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் ஒரு குப்பத்துத் தெருவில் பாரி பாடுவதாகச் செய்தி வந்தது. பாஸ்கல் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். தெருமுனையில் போஸ்டர் ஒட்டியிருந்தது. சாத்தாங்காடு குமாரவேல், வயது அறுபத்து மூன்று. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றி இறக்குகிற வேலை. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

சின்னச் சாவுதான். பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. வழக்கமாகக் கூட்டத்தில் ஒளிந்து நிற்கிறவருக்கு அன்று ஒளிய இடமில்லை. பாரி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தான். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தச் சமயம் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு, நேரே பாஸ்கலிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க யாருன்னு தெரியலியே?"

திரும்பி நடந்திருக்கலாம். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாஸ்கலின் வாயில் போஸ்டரில் படித்தது வந்தது.

"சாத்தாங்காட்டுல பழக்கம்மா. லோடு விஷயமா அங்க வருவேன். ஒண்ணா குந்தி சாப்புடுவோம்."

அவள் முகம் மாறியது. "நான் அவரு பொண்ணு. நர்மதா. காலைல அங்கேருந்து நாலு பேரு வந்து மால போட்டுட்டு ஒரு வார்த்த பேசாம போயிட்டாங்க மாமா. வாங்க, இப்டி வந்து குந்துங்க." கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனாள். பாரியிடம், "அண்ணே, இவரு அப்பாகூட ஒண்ணா சாப்புட்டவரு. இவர கேளுங்க" என்றாள்.

பாரி நிமிர்ந்து பார்த்தான். பதினைந்து வருடமாக யாருடைய மூச்சு எந்த இடத்தில் நிற்கும் என்று மனப்பாடமாகத் தெரியுமோ, அந்த ஆள் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பாஸ்கலின் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"சொல்லு நைனா. அவரப் பத்தி ஒரு சேதி சொல்லு. எவ்ளோ சின்னதா இருந்தாலும் பரவால்ல. இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல."

எதிரே நர்மதா நின்றாள். அவள் ஆறு வருடத்துக்கு முன் வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ரஹீமைக் கட்டிக்கொண்டு போனதும், அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை என்பதும் அப்போது பாஸ்கலுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பாரி தன்னிடம் கேட்கிறான் என்பது. தன் வாயிலிருந்து போகிற ஒரு சொல் பாரியின் பாட்டில் ஏறப்போகிறது என்பது. பெங்களூரில் நர்சிங் படிக்கும் தன் மகள் ஜானட்டை நினைத்துக்கொண்டு பகல் சாப்பாட்டின்போது அவர் தினமும் செய்கிற ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதை எடுத்துச் செத்துப்போனவர் கையில் கொடுத்தார்.

"சட்டப் பையில பொண்ணு போட்டோ வெச்சிருப்பாரு. சின்ன போட்டோ. சாப்புடும்போது எடுத்துப் பாப்பாரு. எம்பொண்ணு சாப்ட்டிருக்குமான்னு எங்கிட்ட கேப்பாரு."

நர்மதா குழந்தையை யார் கையிலோ கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாரி கண்ணை மூடினான். டோலக் தொடங்கியது.

"சட்டப் பையில சின்னதா போட்டோ
சாப்புடும்போது பாப்பாராம்
எம்பொண்ணு சாப்ட்டிருக்குமான்னு
எதிர்ல இருந்தவனக் கேப்பாராம்"

அந்த நாலு வரியை அவன் ஏழு தடவை பாடினான். ஏழாவது தடவை 'எதிர்ல இருந்தவன' என்னும்போது பாஸ்கல் பக்கம் கையை நீட்டினான். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நர்மதா வாய்விட்டு, "அப்பா, நான் சாப்ட்டேம்ப்பா" என்று பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பாஸ்கலும் அழுதார். அன்று டீயும் குடித்தார். மூலக்கொத்தளம் இடுகாடுவரை வண்டியின் பின்னால் போய், தன் கையால் மண் அள்ளிப் போட்டுவிட்டு, நர்மதா கேட்டபோது பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால்தான் அவருக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் வருத்தப்படவில்லை. சந்தோஷமாக இருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாவது பதிவைப் பஸ்ஸில் கேட்டார், யார்டில் கேட்டார், மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போது கேட்டார். கன்னியம்மாவையும் திருமுருகனையும் மறந்தே போனார். திங்கட்கிழமை அந்தப் பதிவைக் குழுவில் போட்டார். 'பாரி இதுக்கு மேல ஒண்ணும் பாட வேணாம்' என்று ஒருவர் எழுதினார். அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. பாஸ்கல் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. 'அந்த எதிர்ல இருந்தவன் நான்தான்' என்று எழுதி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை நர்மதா கூப்பிட்டாள்.

"மாமா, ஆஸ்பத்திரில அப்பா துணிய ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. சட்டப் பைய பாத்தேன். பஸ் டிக்கெட்டும் வெத்தலபாக்குப் பொட்டலமும்தான் கீது. போட்டோ இல்ல. நீங்க பாத்தது எந்த போட்டோ மாமா? ஸ்கூல் டிரஸ்ல இருந்தனா, பெரிய பொண்ணா இருந்தனா?"

பாஸ்கல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். லாரி ஒன்று சீட்டை நீட்டியது. அதைச் சாக்காக வைத்து, "வேலையில கீறேம்மா. ஸ்கூல் டிரஸ்தான்னு நெனைக்கறேன். பர்ஸுல மாத்தி வெச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். சொன்ன பிறகுதான் இது இரண்டாவது பொய் என்று உறைத்தது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் பாட்டைப் போட்டார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. இயர்போனைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். பின்னால் இரும்பு மோதுகிற சத்தமும் குழந்தை அழுகிற சத்தமும் கேட்டன.

"மாமா, நான் சாத்தாங்காடு வந்துகீறேன். பர்ஸு இங்க எங்கனா வுழுந்திருக்குமான்னு கேக்க வந்தேன். காலைலேருந்து ஒவ்வொரு கடையா ஏறி எறங்கறேன். உங்க பேரச் சொன்னா யாருக்கும் தெரியல மாமா. நீங்க எந்தக் கடைக்கு வருவீங்க? கட பேரு சொன்னா நேரா அங்க போயிடுவேன்."

குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. வெயிலில் நிற்கிற களைப்புத்தான் இருந்தது. அதுதான் அவரை அடித்தது. அவள் "ஏன்யா பொய் சொன்னே" என்று கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பார்.

"நீ வூட்டுக்குப் போம்மா. புள்ளைய வெயில்ல வெச்சிகினு அலையாத. நாளைக்கி நான் நேர்ல வந்து சொல்றேன்" என்றார்.

அன்று மாலை ஜூடியிடம் சொன்னார். சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் முதலில் சிரித்தாள். "சாவு வூடு சாவு வூடா போயி பாட்டு கேட்டீங்களா? பதினஞ்சு வருஷமாவா? நான் ஓவர்டைம்னு நெனச்சிகினு கீறேன்." அவர் மீதியையும் சொன்னார். சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம மேடையேறி வாசகம் வாசிக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பாஸ்கல் அப்போதே கோயில் குருவானவருக்குப் போன் செய்து, தொண்டை சரியில்லை, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். அதுவும் பொய்தான் என்று போனை வைத்த பிறகு ஜூடி எடுத்துக் காட்டினாள்.

சனிக்கிழமை காலை வண்ணாரப்பேட்டையில், தையல் கடைக்கு மேலே உள்ள நர்மதாவின் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "மாமாவுக்கு ஜூஸ் வாங்கியா" என்று ரஹீமிடம் சொன்னாள். பாஸ்கல் உட்காரவில்லை.

"எனக்கு உங்க அப்பாவத் தெரியாதும்மா."

அவளுக்கு விளங்கவில்லை. "சாத்தாங்காட்டுல..."

"நான் அங்க போனதே இல்ல. உங்க அப்பாவ நான் மொத தபா பாத்ததே பொணமாத்தான். நான் பாரி பாட்டு கேக்கறதுக்கு வந்தவன். எங்க பாரி பாடறாரோ அங்க போவேன். நீ யாருன்னு கேட்டதும் வாயில வந்ததச் சொல்லிட்டேன். போட்டோ, சாப்பாடு, எல்லாம் நானா சொன்னது."

ஜூஸ் வாங்கக் கிளம்பிய ரஹீம் வாசலிலிருந்து திரும்பி வந்தான். அவன்தான் முதலில் பேசினான். "பாட்டு கேக்கறதுக்கா? இன்னா மன்சன்யா நீ? எட்டு நாளா இவ தூங்கல. அப்பா மன்னிச்சிட்டாரு, மன்னிச்சிட்டாருன்னு அத்தயே சொல்லிகினு கீறா." கையை ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாஸ்கலுக்குத் தோன்றியது.

நர்மதா மெதுவாகக் கேட்டாள். "அப்ப, எங்கப்பா என்னப் பத்திப் பேசவே இல்லியா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"போட்டோ இல்லியா?"

"தெரியாதும்மா."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க பாஸ்கல் கையைக் கூப்பினார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க ஒரு வேல செய்யணும் சார்" என்றாள். 'மாமா' என்ற சொல் போய்விட்டது. "நான் போயி கேட்டா அவங்க என் மூஞ்சியப் பாத்துப் பூசி மெழுவுவாங்க. நீங்க போங்க. எங்கப்பாகூட நெஜமாவே வேல செஞ்சவங்களக் கேளுங்க. இன்னா சொல்றாங்களோ அத்த அப்டியே வந்து சொல்லணும். ஒண்ணு கூட்டக் கூடாது, ஒண்ணு கொறைக்கக் கூடாது."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு சாத்தாங்காட்டுக்குப் போனார். கம்பிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் குமாரவேலின் பெயரைச் சொல்லி விசாரித்தார். கடைசியில் ஒரு பெரிய கொட்டகையில் பொன்ராஜ் என்பவர் கிடைத்தார். கிரேனில் கொக்கி மாட்டுகிறவர். குமாரவேலோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர்.

"நீங்க யாரு அவருக்கு?" என்று பொன்ராஜ் கேட்டார்.

"யாருமில்லீங்க. அவரு பொண்ணு கேட்டுகினு வரச் சொல்லிச்சி."

பொன்ராஜ் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "குமாரண்ணன் பேசவே மாட்டாரு. நாலு வார்த்த பேசுனா மூணு திட்டா இருக்கும். ஆனா கட்டு சரியா மாட்டலன்னா கீழ ஒரு ஆள நிக்க வுட மாட்டாரு. அவரால தப்பிச்சவங்க இங்க ரெண்டு மூணு பேரு கீறாங்க."

"பொண்ணப் பத்தி ஏதாவது?"

"ஒரு தபாதான். டீக்கடையில புதுசா வந்த டிரைவர் ஒருத்தன் கேட்டான், உங்களுக்குப் புள்ளைங்க எத்தினின்னு. இல்லன்னாரு. நான் பக்கத்துல நின்னுகினு கீறேன். அந்தப் பொண்ணு ஸ்கூல் படிக்கறப்ப சாப்பாடு எடுத்துகினு இங்க வரும். எனக்குத் தெரியும். ஆனா நான் வாயத் தொறக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? டீயக் குடிச்சாரு, கிளாச வெச்சாரு, வேலைக்குப் போயிட்டாரு."

பஸ்ஸுக்காக நிற்கும்போது பாஸ்கல் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல, குமாரவேல் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸை நிறைய டீயோடு கீழே வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போன டீயில் ஏடு கட்டியிருந்தது. பாரியின் மெட்டில் அதற்கு இரண்டு வரிகூட வந்துவிட்டது. எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று நினைத்த அந்த நொடியில் அவருக்குத் தன்னை நினைத்துப் பயம் வந்தது. யாரும் தள்ளாமலே, யாரும் கேட்காமலே, பஸ் வருவதற்குள் இன்னொரு பொய் தயாராகியிருந்தது. பதினைந்து வருடம் பாட்டுக் கேட்டதில் தான் கற்றுக்கொண்டது இதுதானா என்று நினைத்தார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பொன்ராஜ் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார்.

நர்மதாவின் வீட்டு வாசலில் நின்று அந்தச் சீட்டைப் பார்த்துப் படித்தார். கோயிலில் வாசிக்கிற குரல் வரவில்லை. 'புள்ளைங்க இல்லன்னாரு' என்ற இடத்திலும் தலையை நிமிர்த்தவில்லை. நிறுத்தாமல் படித்தார்.

"டீயக் குடிச்சாரா?" என்று நர்மதா கேட்டாள்.

"குடிச்சாராம்."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். பார்த்தால் சிரிப்பும் அதில் கலந்திருந்தது. "அதான் எங்கப்பா" என்றாள். "கல்யாணத்துக்கு மொத நாளு வாசல்ல நின்னு அத்தத்தான் சொன்னாரு, எனக்குப் பொண்ணு இல்லன்னு. ஒரு தபா சொல்லிட்டா மாத்த மாட்டாரு. நீங்க சொன்ன ஆளு எனக்கு யாருன்னே தெரியல சார். போட்டோ வெச்சிகினு, சாப்ட்டாளான்னு கேட்டுகினு... இந்த எட்டு பத்து நாளா நான் வேற யாருக்கோ அழுதுகினு இருந்தேன்." பிறகு நிஜமாகவே அழுதாள். உள்ளே குழந்தை எழுந்து சிணுங்கியது. அவள் எழுந்து போகும்போது திரும்பாமலே சொன்னாள். "பாரி அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. பதினாறாம் நாளு அவரு வராரு. நீங்க வரக் கூடாது."

மறுநாள் காசிமேட்டில் லோடு ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்குப் போனார். பாரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே நீட்டியிருந்த கால்களை மட்டும் பார்த்தே பாஸ்கலுக்குத் தெரிந்தது. பாரியிடம் ஒருநாள் பேசினால் என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருடமாக யோசித்து வைத்திருந்தார். தராசு மட்டும் என்ற இடத்தில் எப்படி மூச்சை நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும் என்று வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, குமாரவேல் வீட்டில் தான் சொன்னது பொய் என்று சொன்னார்.

பாரி வெளியே வந்து உட்கார்ந்தான். கையில் கிரீஸ். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் குரலை உயர்த்தவில்லை.

"நான் எதையும் கண்ணால பாக்கறவன் இல்ல நைனா. எல்லாம் அவங்கவங்க சொல்றதுதான். சாவு வூட்ல பொணத்துக்கு எதிர்ல நின்னு எவனும் பொய் சொல்ல மாட்டான்னு நம்பித்தான் வாயத் தொறக்கறேன். பொய்ய என் வாயில வெச்சிட்டியே."

பாரி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

"எத்தினி வருஷமா கேக்கற?"

"பதினஞ்சு."

"இதுக்கு முந்தி எங்கனா பொய் சொல்லிகீறியா? வேற சாவுல?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"போ" என்றான் பாரி. "இனிமே நான் பாடற எடத்துல உன்னப் பாத்தா, பாட்ட நிறுத்திட்டு இந்த ஆளு யாருன்னு கேப்பேன். சொல்லிட்டேன்." மறுபடி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அன்றே பாஸ்கல் குழுவில் நடந்ததை எழுதினார். அந்த எதிர்ல இருந்தவன் பொய்யன், அந்தப் பாட்டை எல்லோரும் அழித்துவிடுங்கள் என்று எழுதினார். ஒருவர் மட்டும், 'பாட்டு சூப்பராதான கீது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் குழுவிலிருந்து வெளியேறினார். தன் போனில் இருந்த பதிவை அழித்தார். மற்ற இருநூற்றுப் பதினொன்றை அழிக்கக் கை வரவில்லை, கேட்கவும் முடியவில்லை. திருமுருகன் ஹாரன் அடிக்காதவர் என்று பாரியிடம் சொன்னது யார்? கன்னியம்மாவின் தராசைப் பற்றிச் சொன்னவள் நிஜமாகவே பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவள்தானா? முன்பு பாரியின் மூச்சு மட்டும் கேட்ட இடத்தில் இப்போது இந்தக் கேள்விகள் கேட்டன.

பஸ்ஸில் வெறும் காதோடு போய் வந்தார். ஜூடி மூன்று நாள் பேசவில்லை; நாலாவது நாள் மகளுக்குப் பணியாரம் அனுப்ப வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். குருவானவரிடம் நேரில் போய், தொண்டைக்கு ஒன்றும் இல்லை, வாசிக்கிற தகுதி இப்போதைக்கு இல்லை என்றார். அவர் காரணம் கேட்டார். பாஸ்கல் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு, "திரும்பவும் எப்ப வாசிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். பாஸ்கல் இன்னும் சொல்லவில்லை.

குமாரவேலின் பதினாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவர் வீட்டிலேயே இருந்து, பழுதான மின்விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் யார்டு கேட்டில் வந்து நின்ற ஒரு டிரெய்லரின் கேபினில் போன் பாடிக்கொண்டிருந்தது. டிரைவர் சத்தமாக வைத்திருந்தான். டோலக்கைக் கேட்டதுமே பாஸ்கலுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"புள்ள கீதான்னு கேட்டதுக்கு
இல்லன்னு சொன்ன குமாரண்ணே..."

"இன்னா பாட்டு நைனா, கேட்டியா?" என்று டிரைவர் மேலேயிருந்து கேட்டான். "பாரி. போன வாரம் திருவொற்றியூர்ல பாடுனது. இரு, அடுத்த வரியக் கேளு."

பாஸ்கல் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். எண்ணைப் பார்த்தார். பின்பக்கம் போய் சீலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அங்கேயும் குரல் எட்டத்தான் செய்தது. வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்கவில்லை. முன்பக்கம் வந்து முத்திரையைக் குத்தினார்.

"வண்டிய எடுப்பா. பின்னால லைன் நிக்குது" என்றார்.